புது தளம் சேர்த்ததும் லோக்கல்ஹோஸ்ட் போய்விட்டதா?

நண்பரே, சொந்தக் கணினியிலேயே தளங்களை ஓட்டிப் பார்க்க உதவும் ஸாம்ப்பில் (XAMPP) விர்ச்சுவல் ஹோஸ்ட் (ஒரே சர்வரில் தனிப் பெயரோடு இயங்கும் தளம்) ஒன்று சேர்த்ததிலிருந்து, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும் பெயர்) என்று அடித்தாலும் புது தளமே வருகிறது, பழைய புராஜெக்ட் எதுவும் திறக்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. ஸாம்ப்புக்குள் இருக்கும் வெப் சர்வரான அப்பாச்சியின் வழக்கமே அதுதான். கேட்ட பெயர் எந்த சர்வர்நேமோடும் (தளத்துக்கு நீங்கள் கொடுத்த பெயர்) பொருந்தாவிட்டால், அமைப்புக் கோப்பில் முதலாவதாக இருக்கும் விர்ச்சுவல் ஹோஸ்டுக்குத் தள்ளிவிடும். உங்களிடம் இருப்பதே ஒன்றுதான், எல்லாம் அங்கேயே போய் விழுகிறது.

அந்தக் கோப்பில் புது தளத்தின் பிளாக்குக்கு மேலே இன்னொரு விர்ச்சுவல் ஹோஸ்ட் பிளாக் போடுங்கள்: சர்வர்நேம் லோக்கல்ஹோஸ்ட், டாக்குமெண்ட்ரூட் (தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) பழைய புராஜெக்ட்கள் இருக்கும் எச்டிடாக்ஸ் ஃபோல்டர். சேமித்தால் மட்டும் போதாது, அப்பாச்சியை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும்.

அப்புறம், தளத்தின் பெயரை ஏன் டாட் டெவ் என்று முடித்தீர்கள்? அது கூகுள் வசம் இருக்கும் நிஜமான டொமைன். 2017 டிசம்பரில் வந்த குரோம் 63-லிருந்து பிரவுசர் அதை எச்டிடிபிஎஸ்ஸுக்கே (பாதுகாப்பான இணைப்பு) இழுத்துக்கொண்டு போகிறது; அதை அமைக்காத உங்கள் தளம் திறக்காது. டாட் டெஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். சோதனைக்கென்றே 1999-லேயே ஒதுக்கிய பெயர் அது. எந்தப் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அதே பெயர், உங்கள் கணினியின் சொந்த முகவரியான 127.0.0.1-க்குப் பக்கத்தில். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோப்பில் சேமிக்க விடாது. நான் ஒருமுறை சாதாரணமாகத் திறந்து, டெஸ்க்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்துவிட்டு, அரை நாள் அப்பாச்சியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.