கொலுசு கறுத்தால் தட்டானைத் திட்டாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே நாற்றத்தைப் பற்றியவை, கயிற்று நாருக்காகத் தேங்காய் மட்டையைத் தண்ணீரில் ஊறப்போடும் நாற்றம். அதனால் சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

அண்ணாச்சி, எங்கள் வீடு ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய்க் கரையில். தொண்டு (தேங்காய் மட்டை) ஊறப்போடும் இடம் கூப்பிடு தூரம்தான். மகளுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது. கடைக்காரரோ வெள்ளியில் கலப்படமே இல்லை என்று சாதிக்கிறார். நம்பலாமா?
– வாசகி, தேங்காப்பட்டணம் பக்கம்

சண்டைக்குப் போகும் முன் உங்கள் வீட்டுக் குத்துவிளக்கை ஒருமுறை பாருங்கள். புளி போட்டுத் தேய்த்த நாலாம் நாளே அதுவும் மங்குகிறதென்றால் கோளாறு கொலுசில் இல்லை, காற்றில்.

தொண்டு என்றாலும் கதம்பை என்றாலும் ஒன்றுதான், தேங்காய் உரித்த மட்டை. அதில் நாரோடு நாரை ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். அந்தப் பசையை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தால்தான் நார் தனியாகப் பிரியும், அதற்காகத்தான் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே ஓலையும் சேறும் போட்டு வைக்கிறார்கள். தின்கிறவர்களுக்கு மூச்சு வேண்டுமே. நம் ஊர் வெயிலில் நல்ல தண்ணீரிலேயே லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும், மீன் வாழ 4 மில்லிகிராமாவது வேண்டும். ஆயிரக்கணக்கான மட்டைகள் கிடக்கும் இடத்தில் அது சீக்கிரமே காலியாகிவிடும். அப்புறம் ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கிற கூட்டம் உள்ளே வருகிறது. கடல்நீர் கலந்த தண்ணீரில் சல்பேட் தாராளம், அதை எடுத்துக்கொண்டு இவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாடை அதுதான். அது வெள்ளியைத் தொட்டால் வெள்ளி கறுக்கும், சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்தால் சேறு மை மாதிரி ஆகும். கரையில் நின்று ஒரு கம்பால் அடியைக் குத்திப் பாருங்கள், குமிழ் குமிழாக வரும், கம்பின் நுனி கறுப்பாக வெளியே வரும்.

கொலுசைப் பற்பசை வைத்துத் தேய்த்தால் வெளுக்கும். தொண்டு கிடக்கும்வரை மறுபடி கறுக்கும்.

தேங்காய் மட்டை என்ன பிளாஸ்டிக்கா? இயற்கைப் பொருள்தானே? என் தாத்தா காலத்திலிருந்து இதே தண்ணீரில்தான் ஊறப்போடுகிறோம். அப்போது யாரும் மாசு என்று சொன்னதில்லை. இப்போது மட்டும் எங்களைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்.
– வாசகர், குளச்சல் அருகே

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இயற்கை என்ற வாதத்தில்தான் நியாயம் இல்லை. பழங்கஞ்சியும் இயற்கைதான், அதை ஒரு குடம் கொண்டுபோய்க் கிணற்றில் கொட்டுவோமா? மக்கும் பொருள் என்பதாலேயே அது தண்ணீரின் மூச்சைத் தின்கிறது, பிளாஸ்டிக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. போதாததற்கு மட்டையிலிருந்து டானினும் ஃபீனால் வகைப் பொருள்களும் இறங்கும். பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் தண்ணீர் தெரிவது அதனால்தான்.

ஆனால் தாத்தா காலத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அவர் போட்ட இடத்தில் தண்ணீர் ஏறி இறங்கியது. நல்ல வெள்ளை நாருக்குக் கடல் ஏற்ற இறக்கம் உள்ள காயல்தான் உகந்தது என்று நம் ஊரிலும் கேரளத்திலும் தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு வேலியேற்றமும் கறையைக் கழுவிக்கொண்டு போகும், நாரும் பொன்போல வரும். இன்றைக்கு? திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகுப்பாதையால் இணைக்கத் திருவிதாங்கூர் மன்னர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது, கன்னியாகுமரியைத் தொடவே இல்லை. வெட்டிய தூரத்திலும் பல இடத்தில் ஆகாயத்தாமரையும் வீட்டுச் சாக்கடையும் ஆக்கிரமிப்பும்தான். படகு ஓட வேண்டிய தண்ணீர் படுத்துக்கிடக்கிறது. தாத்தா ஓடுகிற தண்ணீரில் போட்டதை நீங்கள் தேங்கிய தண்ணீரில் போடுகிறீர்கள். தொழில் அதேதான், தண்ணீர்தான் அது இல்லை. கால்வாயை அடைத்தவர்களை விட்டுவிட்டு இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று மட்டை எடுக்கிற பெண்களை மட்டும் விரட்டுவது எனக்கும் பிடிக்கவில்லை. எங்கள் பாட்டியும் தொண்டு தல்லியவர்தான். மரக்கொட்டாப்புளியால் நாள் முழுக்க அடித்துவிட்டு வந்து எத்தனை சோப்பு போட்டாலும், சோறு பிசைந்து தரும் கையில் அந்த வாடை இருக்கும். கால்விரல் இடுக்கில் புண் ஆறியதே இல்லை.

சரி, வழி என்ன? பச்சை மட்டையை இயந்திரத்தில் நசுக்கி, கழுவி, சிமென்ட் தொட்டியில் ஊறவைப்பதுதான். கயிறு வாரியம் இதற்காகவே ஒரு பாக்டீரியாக் கலவை உருவாக்கியிருக்கிறது, பெயர் காயர்ரெட். வழக்கமாகப் பத்து மாதம்வரை இழுக்கிற வேலை மூன்று மாதத்தில் முடியும். தொட்டித் தண்ணீரை அப்படியே கால்வாயில் திறந்துவிட்டால் மட்டும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், அதையும் சுத்திகரித்துத்தான் விட வேண்டும். தனியாளாகத் தொட்டி கட்ட முடியாது என்பீர்கள். உண்மைதான், நாலைந்து பேர் சேர்ந்தோ சங்கமாகவோதான் முடியும். வெள்ளை நார் வேண்டாம், பழுப்பு நார் போதும் என்றால் தும்பு ஆலைக்கு மட்டையாகவே விற்றுவிடலாம், விலை குறைவு, தலைவலியும் குறைவு.

காயலில் மட்டி எடுத்துப் பிழைத்தோம். இப்போது வெறும் ஓடுதான் கிடைக்கிறது. மீனாவது அங்கே இங்கே தட்டுப்படுகிறது, மட்டி மட்டும் ஏன்?
– வாசகர், மணக்குடி

வெளியூர்க்காரர்களுக்காக: இது வாழைப்பழ மட்டி இல்லை, சேற்றில் புதைந்து கிடக்கும் சிப்பி. மூச்சு முட்டினால் மீன் நீந்தி ஓடிவிடும், மட்டி எங்கே ஓடும்? நஞ்சு சேருவதும் அது குடியிருக்கிற அதே சேற்றில்தான். காயல் கடலோடு சேரும் பொழிமுகத்தை மணல் அடைத்துக்கிடக்கும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசமாகும். கதம்பை ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், நகரத்துச் சாக்கடையும் பழையாறு வழியாக அங்கேதான் வந்து சேருகிறது.

கால்வாயை ஒட்டிய எங்கள் கிணற்றுத் தண்ணீர் லேசாக மஞ்சளித்தது. பிளீச்சிங் பவுடர் போட்டேன். நாற்றம் போகவில்லை, ஆஸ்பத்திரி மருந்து வாடை அடிக்கிறது!
– வாசகி, புதுக்கடை

அடுத்த முறை போடாதீர்கள். கரையோர மணல் வழியாக ஃபீனால் வகைப் பொருள் உங்கள் கிணற்றுக்குள் கசிந்திருக்கலாம். குளோரின் அதோடு சேர்ந்தால் குளோரோஃபீனால், துளி அளவு போதும், குடமே மருந்துக்கடை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இது போகாது. அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, எந்தப் பாட்டிலில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மாதிரி கொடுங்கள். பழைய குளிர்பானப் பாட்டிலில் கொண்டுபோனால் முடிவு சரியாக வராது. மாசுபடுத்தும் பொருளைத் தெரிந்தே நீர்நிலையில் சேர்ப்பதை 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடுக்கிறது. முடிவு கைக்கு வந்ததும் அதை இணைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு. ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.