நீல நீர் ஊற்றினோம். துளிகளில் ஏன் நீலம் இல்லை?

கேள்வி: நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளை நீர்ச் சுழற்சிக்கு ஒரு மாதிரி செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தோம். மறுநாள் பையின் உட்புறத்தில் துளிகள் இருந்தன. ஆனால் ஒன்றில்கூட நீலம் இல்லை. தண்ணீர் கொதிக்கவும் இல்லை, மழையாகக் கொட்டவும் இல்லை. சோதனை தவறிவிட்டதா? கடையில் மோட்டார் வைத்துச் செய்து தரும் மாதிரியை வாங்கிவிடலாமா?

பதில்: சோதனை தவறவில்லை. துளிகளில் நிறம் இல்லாததுதான் அது சரியாக நடந்ததற்கு அடையாளம். ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே காற்றில் கலக்கிறது. அதில் கரைந்திருந்த சாயம் பையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. உலகில் ஆவியாகும் நீரில் மிகப் பெரும்பகுதி கடலிலிருந்தே எழுகிறது. அப்படியிருந்தும் மழைநீர் உப்புக் கரிப்பதில்லை என்றால், அதற்குக் காரணம் உங்கள் மகள் பைக்குள் பார்த்த அதே நிகழ்வுதான்.

தண்ணீர் கொதிக்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம். கொதிநிலையை எட்டினால்தான் நீர் ஆவியாகும் என்ற எண்ணம் பல பிள்ளைகளிடம் பெரியவர்களான பிறகும் தங்கிவிடுகிறது. நீரின் மேற்பரப்பிலிருந்து எந்த வெப்பநிலையிலும் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். வெயில் அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். இன்னொரு பையை நிழலில் ஒட்டிவைத்துப் பாருங்கள். அதிலும் துளிகள் தோன்றும், ஆனால் தாமதமாகத் தோன்றும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று கொதிக்கும் நீரைப் பையில் ஊற்றச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்; கை வெந்துபோகும் என்பதோடு, களைய வேண்டிய தவறான எண்ணமே உறுதிப்பட்டுவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சில பைகளில் துளிகள் இலேசான நீலத்தோடு தென்படும். உடனே பிள்ளை, சாயமும் ஆவியாகிறது என்று முடிவு செய்துவிடும். பையை ஒட்டும்போது குலுங்கினாலோ, பிறகு யாராவது தட்டினாலோ, அடியிலிருந்த நீர் தெறித்து மேலே ஒட்டிக்கொள்ளும். அது ஆவியாகி வந்த நீர் அல்ல, தெறித்த நீர். கடலிலும் இதுவே நடக்கிறது: அலை உடையும்போதும் நுரைக் குமிழிகள் வெடிக்கும்போதும் உப்புநீர் நுண்திவலைகளாகக் காற்றில் ஏறுகிறது, திவலையின் நீர் உலர்ந்ததும் உப்புத் துகள் மட்டும் காற்றில் மிதக்கிறது. கடலோர மழையில் சிறிதளவு உப்பு காணப்படுவதற்கு இதுவே காரணம். இந்தத் துகள்கள் வீணானவையும் அல்ல. காற்றிலுள்ள நீராவி ஒன்றுமில்லாத இடத்தில் துளியாகச் சேர்வது மிகக் கடினம். உப்பு, தூசி, புகை போன்ற ஏதாவது ஒரு நுண்துகளைப் பற்றிக்கொண்டுதான் மேகத்துளி பிறக்கிறது. ஆகவே உப்பு காற்றில் ஏறுவது உண்மை. ஆவியாகி ஏறுகிறது என்பதுதான் பொய்.

கடை மாதிரியை வாங்காதீர்கள் என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன். அதில் ஒரு சிறு மோட்டார், தெர்மாகோல் மலைக்குப் பின்னால் ஒளித்த குழாய் வழியாக நீல நீரை அப்படியே மேலே தள்ளுகிறது. பஞ்சு மேகத்தின் அடியிலுள்ள ஓட்டைகளின் வழியே அந்த நீர் சாயத்தோடு சொட்டுகிறது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆவியாதல், ஆவி சுருங்குதல் ஆகிய இரண்டும் அதில் எங்குமே நடப்பதில்லை. நீர்ச் சுழற்சியிலிருந்து அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைச் செய்து விற்பவர்கள் பெற்றோரின் அவசரத்தை நம்பியே தொழில் நடத்துகிறார்கள். அவர்கள் சொட்டவைக்கும் நீல மழையைப் பார்த்த பிள்ளை, தன் பையில் கண்ட உண்மையைத் தவறு என்று நினைத்துக்கொள்ளும். இத்தகைய மாதிரிகளைக் கண்காட்சியின் முன்வரிசையில் வைத்து, சன்னலில் ஒட்டிய பைக்குக் குறைந்த மதிப்பெண் போடும் வழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. நான்கு அம்புக்குறிகளையும் நான்கு பெயர்களையும் மனப்பாடமாக எழுதினால் முழு மதிப்பெண், துளி ஏன் நிறமற்று இருக்கிறது என்று கேட்டால் பாடத்தில் இல்லை என்ற பதில்: இப்படி நடத்தினால் அறிவியல் எப்படி வளரும்?

மழையாகக் கொட்டவில்லை என்ற குறைக்கு விடை எளிது. மேகத்துளி ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. சாதாரண மழைத்துளியின் அகலம் 2 மில்லிமீட்டர் அளவு. அகலம் நூறு மடங்கானால் கொள்ளளவு பத்து லட்சம் மடங்காகிறது. அத்தனை மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உருவாகும். உங்கள் பையில் அதற்கான உயரமும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. துளிகள் பெரிதாகிச் சுவரில் வழிந்து அடிநீரில் சேர்ந்தாலே போதுமானது.

ஆசிரியர் நம்பத் தயங்கினால், சாயத்துக்குப் பதிலாக ஒரு கரண்டி உப்பைக் கரைத்து மற்றொரு பையைத் தயார் செய்யுங்கள். துளிகள் திரண்ட பிறகு பையைக் குலுக்காமல் திறந்து, மேல்பக்கத்துத் துளிகளில் சிலவற்றைச் சுத்தமான சொட்டுக்குழாயால் எடுத்துக் கறுப்புத் தட்டின் ஒரு பக்கம் விடுங்கள். அடியிலுள்ள நீரில் சிறிது எடுத்து மறுபக்கம் விடுங்கள். இரண்டும் உலர்ந்ததும் அடிநீர் இருந்த இடத்தில் வெள்ளைப் படிவு தெரியும். மேல்துளி இருந்த இடத்தில் அப்படி எதுவும் தெரியாது. அந்தத் தட்டையும் நீலப் பையையும் சேர்த்தே பள்ளிக்கு அனுப்புங்கள். பையை எடுத்துச் செல்லும்போது கட்டாயம் குலுங்கும் என்பதால், துளிகள் தெளிவாக இருக்கும்போதே ஒரு புகைப்படம் எடுத்துக் கூடவே ஒட்டிவிடுங்கள். விளக்கத்தை மட்டும் மகளே தன் சொற்களில் எழுதட்டும்.