எடை சரி, தொப்பை மட்டும்தான்!

கேள்வி: வயது 42. உயரத்துக்கேற்ற எடைதான், ஆனால் தொப்பை இருக்கிறது. பேன்ட் அளவு 34. இதயத்துக்கு ஆபத்தா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பேன்ட் அளவை நம்பாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்பது. இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், உயரத்துக்கேற்ற எடைக் கணக்கைவிட வயிறு, பிட்டம் இரண்டின் சுற்றளவு விகிதமே மாரடைப்பு அபாயத்தைத் தெளிவாகக் காட்டியது. குடலைச் சுற்றிய கொழுப்பு ஈரலுக்குக் கொழுப்பு அமிலங்களை அனுப்புகிறது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு குறையும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

காலையில் வெறும் வயிற்றில் அளவெடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப்பைக் கிடைமட்டமாகச் சுற்றி, இயல்பாக மூச்சுவிட்ட பின் பாருங்கள். (வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான்!) இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரம்பு. அதைத் தாண்டினால் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தால் தசைதான் இறுகும், கொழுப்பு கரையாது. வாரம் 150 நிமிடம் வேக நடை, இரவில் சோறு பாதி. புகைப்பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.