கேள்வி - பதில்: ஷாக்கை நீட்டினால் பாறை இடிக்காதா?

கேள்வி: என்னிடம் ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 II ரிமோட் வண்டி இருக்கிறது. பாறையில் ஏறும்போது டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதி) இடித்து நின்றுவிடுகிறதே என்று 90 மி.மீ. ஷாக்கை (அதிர்வுதாங்கியை) கழற்றிவிட்டு 100 மி.மீ. ஷாக் மாட்டினேன். இப்போதும் இடிக்கிறது. போதாக்குறைக்குப் பக்கச் சரிவில் கவிழ்கிறது, பின் ஆக்சில் தொங்கும்போது கடகடவென்று சத்தமும் வருகிறது. பழையதையே மாட்டிவிடவா?
- வாசகர், சேலம்

பதில்: மாட்டிவிடுங்கள். ஏன் என்று தெரிந்துகொண்டு மாட்டினால் அடுத்த செலவு மிச்சமாகும்.

உங்கள் வண்டியில் ஆக்சில் ஒரே தண்டு. டிஃபரன்ஷியல் அதோடு சேர்ந்தே இருக்கிறது. அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை டயர்தான் முடிவு செய்கிறது. ஷாக்கை எவ்வளவு நீட்டினாலும் சேஸிஸ்தான் (வண்டியின் அடிச்சட்டம்) மேலே போகும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். 108 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 120 மி.மீ. போட்டால் டிஃபரன்ஷியலுக்கு 6 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். மோட்டாருக்குச் சுமை கூடும், டயர் பாடியில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனாலும் உங்கள் தொல்லைக்கு நேரான மருந்து அதுதான்.

இன்னொன்று. ஷாக்கின் நீளமும் வண்டியின் உயரமும் ஒன்றல்ல. வண்டி நிற்கும் உயரத்தை ஸ்பிரிங்கும் அதன்மேல் இருந்து அதை அமுக்கிப் பிடிக்கும் திருகு வளையமான காலரும் தீர்மானிக்கின்றன. ஆக்சில் கீழே எவ்வளவு தொங்கலாம் என்பதைத்தான் ஷாக்கின் நீளம் தீர்மானிக்கிறது. பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, டைல்ஸ் தரையில் வைத்து, கையால் இரண்டு மூன்று தடவை அமுக்கி விடுங்கள். நடு ஸ்கிட் பிளேட்டுக்கும் (சேஸிஸின் அடியில் இருக்கும் காப்புத் தகடு) தரைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் சேஸிஸைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். சக்கரம் தரையை விடும் அந்த நொடியில் மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொங்கல். மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தொங்கலுக்கு இருந்தால் பாறை வண்டிக்கு நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. 90-லிருந்து 61 வரை சுருங்கும் ஷாக்குக்கு ஓட்டம் 29 மி.மீ., அதனால் தொங்கல் 10 போதும்.

புதிய ஷாக்கில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முழுக்க அமுக்கி, கண்ணுக்குக் கண், அதாவது இரு முனைகளிலும் திருகு மாட்டும் துளைகளுக்கு இடையே, அளந்து பாருங்கள். 70 என்று வந்தால், வண்டியைப் பழைய உயரத்துக்கு, அதாவது ஷாக் 80-ல் நிற்கும்படி இறக்கினாலும், மேல்நோக்கி 10 மி.மீ.தான் மிஞ்சும். பழையதில் 19 இருந்தது. அதை இழந்தால் சக்கரம் கல்லின் மேல் மடங்காமல் வண்டியையே தூக்கிவிடும்.

கவிழ்வதற்குக் காரணம் எடை மையம் ஏறியது மட்டுமில்லை. சரிவில் மேட்டுப்பக்க ஷாக் நீள நீள, ஸ்பிரிங் பாடியைப் பள்ளத்துப் பக்கம் தள்ளுகிறது. தொங்கல் கூடியதால் அந்தத் தள்ளலும் கூடிவிட்டது. பழைய ஷாக்கிலும் சாய்வு அதிகம் என்று தோன்றினால், ஷாக்கைத் திறந்து, பிஸ்டனுக்குக் கீழே ராடில் 5 மி.மீ. பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கோத்து மூடுங்கள். ஷாக் சரியாக 5 மி.மீ. குறைவாக நீளும். இடது வலது இரண்டுக்கும் ஒரே அளவு, ஆயிலையும் புதிதாக நிரப்பிக் காற்றுக் குமிழி போகும்வரை பிஸ்டனை ஏற்றி இறக்குங்கள்.

சத்தத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். வண்டியைக் கையில் தூக்கி, பின் ஆக்சிலைத் தொங்கவிட்டு, சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். மோட்டாரின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கெட்டியாகப் பிடித்தால், அதன் யூனிவர்சல் ஜாயின்ட் (மடங்கும் மூட்டு) தாங்கும் கோணத்தைத் தாண்டிவிட்டது. ஷாஃப்டின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு நுழைந்திருக்கின்றன என்றும் பாருங்கள். நுனியில் தொட்டுக்கொண்டிருந்தால் அடுத்த பாறையிலேயே கழன்று வந்துவிடும்.

கேள்வி: காலரை எவ்வளவு இறக்கினாலும் என் வண்டியின் உயரம் மாறவே இல்லை. ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: ஷாக் ஏற்கெனவே முழுக்க நீண்டு நிற்கிறது. அதற்கு மேல் போக இடமில்லை, காலரை இறக்க இறக்க ஸ்பிரிங்தான் விறைக்கிறது. வண்டியின் எடைக்கு அந்த ஸ்பிரிங் கடினம். காலரை மேலே ஏற்றுங்கள். அப்படியும் அமுங்கவில்லை என்றால் மெல்லிய கம்பி ஸ்பிரிங் வாங்குங்கள்.

கேள்வி: வண்டியைத் தாழ்த்த ஷாக்கின் மேல் முனையை எந்தத் துளைக்கு மாற்ற வேண்டும்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: மேல் துளைக்கு. ஷாக்கின் தலை சேஸிஸில் மேலே ஏறினால் சேஸிஸ் கீழே இறங்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உள்பக்கத் துளைக்கு மாற்றினால் ஷாக் சாயும், பிடிப்பும் மெத்தென்று ஆகும். மாற்றியதும் கையால் முழுக்க அமுக்கி, டயர் எதிலும் முட்டவில்லை என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.