'யூ ஆல்ரைட்?' என்று கேட்டால் பதறாதீர்கள்

தம்பி, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஆபீஸில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்கிறார்கள், பார்க்க அவ்வளவு சோர்ந்து தெரிகிறேனா, என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. இங்கிலாந்தில் அது வணக்கம், அவ்வளவுதான். அமெரிக்க ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் குழப்பம் வருவது சகஜம். அங்கே இதே கேள்வியைக் கேட்டால், உடம்புக்கு என்ன ஆச்சு என்று விசாரிப்பதாகத்தான் பெரும்பாலும் அர்த்தம்.

வாசலில் செருப்பு மாட்டுகிறவரைப் பார்த்து 'என்ன, கிளம்பியாச்சா?' என்கிறோமே, அந்த மாதிரி கேள்வி இது. 'யா, யூ?' என்றாலே போதும். 'நாட் பேட், தேங்க்ஸ்' என்றும் சொல்லலாம். பல பேர் பதிலுக்கு அதே 'ஆல்ரைட்?'டைத் திருப்பிச் சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள். கேட்டவர் நிற்காமல் போகிறாரே என்று மனசு சங்கடப்பட வேண்டாம். முந்தைய தலைமுறையின் 'ஹவ் டு யூ டூ'வுக்கும் சரியான பதில் 'ஹவ் டு யூ டூ'தான்.

ஊருக்கு ஊர் கூடவே ஒரு வார்த்தை ஒட்டிக்கொள்ளும். நாட்டிங்காம், டெர்பி, ஸ்டோக் பக்கம் 'டக்' (duck, வாத்து). நியூகாசிலில் 'பெட்' (pet, செல்லம்). பிரிஸ்டலில் 'மை லவர்' என்றுகூடக் காதில் விழும். பஸ் டிரைவர் அப்படிச் சொன்னால் கூசிப் போகாதீர்கள், முன்பின் தெரியாதவரிடமும் பாசமாகச் சொல்கிற வார்த்தைகள் அவை.

கடையில் 'யூ ஆல்ரைட் தேர்?' என்றால் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். சும்மா பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால் 'ஐம் ஆல்ரைட், தேங்க்ஸ்' என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆபீஸில் ஒருவர் எழுந்து எல்லோருக்கும் டீ போடட்டுமா என்று கேட்கும்போது இதையே சொன்னால் உங்களுக்கு டீ வராது. 'ஐம் ஆல்ரைட்' என்றால் அங்கே 'எனக்கு வேண்டாம்'. டீ வேண்டுமென்றால் 'யெஸ் ப்ளீஸ்'.

இதையெல்லாம் விட முக்கியம், நிஜமாகவே அக்கறையோடு கேட்பதை அடையாளம் கண்டுகொள்வது. ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம் என் மேலாளர் கையிலிருந்த கப்பை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'ஆர் யூ ஆல்ரைட்?' என்று நிதானமாகக் கேட்டார். வழக்கமாக விழுங்கிவிடுகிற அந்த 'ஆர்' முழுசாக வந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன், அன்று மதியமே லீவு கிடைத்தது. அப்படி யாராவது நின்று, கண்ணைப் பார்த்துக் கேட்டால் 'யா, யூ?' என்று தள்ளிவிடாதீர்கள். இங்குள்ளவர்கள் இரண்டாவது தடவை கிளறிக் கேட்கத் தயங்குவார்கள், அது உங்கள் சொந்த விஷயம் என்று ஒதுங்கிவிடுவார்கள். தனியாக வந்திருக்கிற உங்களுக்கு அந்த ஒரு கேள்வி பெரிய உதவியாக இருக்கும்.

அப்புறம், ஜிபியிடம், அதாவது இங்குள்ள பொதுநல டாக்டரிடம், போகும்போது கவனமாக இருங்கள். உள்ளே நுழைந்ததும் டாக்டர் 'ஹவ் ஆர் யூ?' என்பார், பழக்கதோஷத்தில் நாமும் 'ஃபைன், தேங்க்ஸ்' என்போம். அதில் தப்பில்லை, அவருக்கும் தெரியும். அடுத்து என்ன பிரச்சினை என்று கேட்பார் பாருங்கள், அப்போது மட்டும் 'நாட் டூ பேட்' என்று ஆரம்பிக்காதீர்கள். இவர்கள் பேச்சில் அது 'நன்றாகவே இருக்கிறேன்' என்பதற்குப் பக்கத்தில் வரும். சாதாரணமாக உங்களுக்குக் கிடைப்பது ஒரு 10 நிமிஷம். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, ராத்திரி தூங்க முடிகிறதா என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.