மேல்பலகை ஏன் வெடித்தது?

கேள்வி: கட்டிலருகே வைக்க 40 செ.மீ. சதுரத்தில் ஒரு சிறு மேசையைக் கையாலேயே செய்தேன். மூன்று பலகைகளை ஒட்டி மேல்பலகையாக்கி, கால்களை இணைக்கும் நான்கு சட்டங்களிலும் பசை தடவி ஆணி அறைந்தேன். ஈரக்காற்று வீசிய மாதத்தில் செய்தது. வறண்ட மாதங்கள் வந்ததும் ஒரு பலகையின் நடுவில் விரிசல் ஓடிவிட்டது. பசை போதவில்லையா? பட்டி (putty) வைத்து அடைத்துவிடலாமா?

பதில்: பசையின் மேல் பழி இல்லை. ஒட்டிய கோடு பிரியாமல் பலகையே கிழிந்திருப்பதால், பசை மரத்தைவிட உறுதியாகப் பிடித்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அறுத்து உலர்த்திய பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கி அகலவாட்டில் விரியும், வறண்டால் சுருங்கும். நீளவாட்டிலோ அநேகமாக அசையாது. 40 செ.மீ. அகலத்தில் இந்த அசைவு சில மில்லிமீட்டர் வரை இருக்கும். மேல்பலகை சுருங்க முயன்றபோது, ரேகைக்கு, அதாவது மரத்தின் இழை ஓடும் திசைக்கு, குறுக்கே நின்ற இரண்டு சட்டங்களும் அதை விடவில்லை. இழுவை தாங்காமல் பலகை வெடித்தது.

பட்டி அடைக்கவே வேண்டாம். ஈரமான மாதங்களில் பலகை மறுபடி விரியும்போது அது நசுங்கிப் பிதுங்கும். ஆணிகளைப் பிடுங்கி, மெல்லிய வாளால் பசைக்கோட்டை அறுத்து மேல்பலகையைத் தனியே எடுங்கள். விரிசலின் வழியே முழுவதும் அறுத்து, இரு விளிம்புகளையும் இடைவெளியின்றிப் பொருந்துமாறு இழைப்புளியால் இழைத்து, மீண்டும் ஒட்டி ஓரிரவு கிளாம்ப்பில் வையுங்கள். அகலம் சிறிது குறையும், அதனால் நட்டமில்லை.

இனிப் பொருத்தும் முறை. சட்டங்களின் உட்புறத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, அதில் நுழையும்படி நாக்குப் போல் நீட்டிய மெல்லிய முனையுள்ள சிறு கட்டைகள் செய்து, அவற்றை மேல்பலகையின் அடியில் திருகாணியால் முடுக்குங்கள், பசை கூடாது. குறுக்குச் சட்டங்களில் நாக்கு காடிக்குள் பக்கவாட்டில் நகர இடம் இருக்கட்டும். ரேகையோடு ஓடும் சட்டங்களில் நாக்கின் நுனிக்கு முன்னால் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். மேசை செய்பவர் முதலில் கற்க வேண்டிய வேலை இதுதான் என்பது என் கருத்து, மெருகெல்லாம் பிறகுதான்.

கேள்வி: சட்டத்தின் கழுந்து (துளைக்குள் நுழையும்படி மெலிதாகச் செதுக்கிய முனை) காலின் துளையில் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

பதில்: கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருப்பது வழக்கம். பசையில்லாமல் கையால் அழுத்தினால் நுழைய வேண்டும். காலைப் பிடித்துத் தூக்கினால் சட்டம் கழன்று விழக்கூடாது. கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால்தான் நுழையுமென்றால் கால் பிளந்துவிடும். உளியைப் படுக்கவைத்து, கழுந்தின் கன்னத்தில் (அகலமான பக்கத்தில்) வெங்காயத்தோல் கனத்துக்கு ஒரு சீவல் எடுத்துவிட்டு மறுபடி நுழைத்துப் பாருங்கள். துளையின் ஆழம் கழுந்தைவிட 1 அல்லது 2 மி.மீ. கூடுதலாக இருந்தால், மிகுந்த பசை அங்கே தங்கிக்கொள்ளும், கழுந்து தொடங்கும் இடத்திலுள்ள படி, அதாவது தோள், காலோடு ஒட்டி உட்காரும்.