கடைசிப் பந்தை யாரும் பார்க்கவில்லை

கேள்வி: நாங்கள் எட்டு நண்பர்கள். பதினோரு ஆண்டுகளாக முக்கியமான கிரிக்கெட் ஆட்டங்களை என் வீட்டில் கூடியிருந்துதான் பார்க்கிறோம். முன்பெல்லாம் சண்டை வந்தால், மூன்றாவதாக யாரை இறக்குவது என்பதைப் பற்றித்தான் வரும். இரண்டு ஆண்டுகளாக எந்தப் பேச்சை எடுத்தாலும் அரசியலில்தான் போய் நிற்கிறது. சென்ற மாதம் ஓர் ஆட்டத்தின் கடைசி ஓவரில் அணியின் முக்கியமான மட்டையாளர் ஆட்டமிழந்தார். பொது விஷயம் ஒன்றில் சமீபத்தில் கருத்துச் சொன்னவர் அவர். "இவனுக்கு ஆட்டத்தில் எங்கே கவனம் இருக்கும்? இவன் ஆட்களே இப்படித்தான்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். இன்னொருவர் எழுந்து அவருடைய கட்சியின் பெயரைச் சொல்லித் திட்டினார். இப்படி ஆகும்போதெல்லாம் நான் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். அன்றும் கூட்டினேன்; அவர்கள் அதற்கும் மேலே கத்தினார்கள். கடைசிப் பந்தை யாரும் பார்க்கவில்லை. ஆரம்ப நாளிலிருந்து ஒவ்வொரு பந்தையும் நோட்டில் எழுதிவரும் நண்பர் ஒருவர் உண்டு. அந்த மட்டையாளரின் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை, பிறகு வரவும் இல்லை. நோட்டு என் வீட்டில்தான் இருக்கிறது. சண்டையிட்ட இருவரும் வருகிறார்கள், ஆனால் பேசிக்கொள்வதில்லை. "இந்த வீட்டில் அரசியல் பேசக் கூடாது" என்று விதி போட்டுவிடலாமா? அப்படிப் போட்டால் அது கோழைத்தனமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். மூலக் கடிதத்தில் மூன்று பக்கத்துக்கு மேல் சண்டையிட்ட இருவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். யார் முதலில் குரலை உயர்த்தினார், யார் எந்தக் கட்சிக்குப் பரிந்து பேசுபவர், மறுநாள் யார் யாரிடம் என்ன குறைப்பட்டுக்கொண்டார் என்பதெல்லாம் விவரமாக இருக்கின்றன. நோட்டு எழுதும் நண்பருக்கு நீங்கள் ஒதுக்கியது சில வரிகள்தான். அந்த வரிகளைப் படித்த பிறகு கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. அவரிடம் பிறகு வருகிறேன்; முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

விதி போடலாம், வீடு உங்களுடையது. ஆனால் அதை ஓர் ஆட்டம் முடியும்வரைகூட உங்களால் காப்பாற்ற முடியாது என்றே நினைக்கிறேன். நானும் ஒரு காலத்தில் இதே விதியை என் நண்பர்களிடம் முன்மொழிந்தவன்தான். எல்லோரும் உடனே சம்மதித்தார்கள். கால் மணி நேரத்துக்குள் அணித் தேர்வைப் பற்றிப் பேச்சு வந்தது. "இது ஆட்டமா, அரசியலா" என்று ஒரு வழக்கு எழுந்தது. விதியைக் கொண்டுவந்தவன் என்பதால் என்னையே நடுவராக்கி, நான் தீர்ப்புச் சொன்ன மறுகணமே என்னை ஒருதலைப்பட்சமானவன் என்றார்கள். அன்றைய மாலை அந்த வழக்கிலேயே கழிந்தது.

அவர்கள் மீது மட்டும் தவறு சொல்ல முடியாது. நான் போட்ட கோடு இல்லாத இடத்தில் போட்ட கோடு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்த பேசில் டி ஒலிவேராவின் கதையைப் பழைய கிரிக்கெட் ரசிகரான நீங்கள் அறிந்திருப்பீர்கள். நிறவெறி அரசு அவரைக் கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தியிருந்ததால் சொந்த நாட்டு அணிக்கு ஆட வழியில்லாமல், 1960இல் இங்கிலாந்துக்குப் போய், 1966இல் அந்த நாட்டு அணியில் இடம்பிடித்தவர் அவர். 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன்கள் எடுத்தார். அது முடிந்த கையோடு தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கான அணி அறிவிக்கப்பட்டபோது அதில் அவர் பெயர் இல்லை. ஆட்டத்தை மட்டும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம் என்றார்கள். பிறகு டாம் கார்ட்ரைட் காயம் காரணமாக விலக, அவருடைய இடத்தில் டி ஒலிவேரா சேர்க்கப்பட்டார். அப்படிப்பட்ட அணியை ஏற்க முடியாது என்று தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் மறுத்தார், பயணமே ரத்தாயிற்று. 1970இலிருந்து 1991 வரை அந்த நாடு சர்வதேச கிரிக்கெட்டுக்கு வெளியே நின்றது.

அந்த ஆண்டில் உங்களைப் போன்ற நண்பர் குழு ஒன்று கூடியிருந்து, 158 ரன் எடுத்தவரை ஏன் விட்டுவிட்டார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால், உங்கள் விதி அவர் வாயை அடைத்திருக்கும். அவர் கேட்டதோ கிரிக்கெட் ரசிகர் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே மிகச் சாதாரணமான கேள்வி. டென்னிஸிலும் இப்படித்தான்: 1974இல் டேவிஸ் கோப்பையின் இறுதிவரை வந்துவிட்ட இந்திய அணி, அமிர்தராஜ் சகோதரர்கள் நல்ல ஆட்டத்தில் இருந்தும், நிறவெறியைக் கண்டித்துத் தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்தது, பந்து ஒன்றுகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் இரண்டு ரசிகர்கள் விடிய விடியப் பேசலாம். அதை அரசியல் என்று ஒதுக்கினால் அந்த ஆண்டின் டென்னிஸைப் பற்றிப் பேசவே முடியாது.

இதற்கு நேர் எதிரான வகை ஒன்றும் உண்டு. உங்களை வாட்டுவது அதுதான். வேறெங்கோ மூண்ட கோபத்தைக் கொண்டுவந்து ஆட்டத்தின் தலையில் இறக்கிவைப்பது. இது நம் காலத்து வியாதியன்று. 532ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் தேர்ப் பந்தய ரசிகர்களான நீலக் கட்சியாரும் பச்சைக் கட்சியாரும் சேர்ந்து தொடங்கிய கலவரத்தில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. 30,000 பேருக்கு மேல் மாண்டதாக அக்காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதிவைத்திருக்கிறார். வரியும் பேரரசர் மீதான வெறுப்பும் நெடுநாள்களாகப் புகைந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் ஒரே குரலில் கத்திப் பழகியிருந்த இடம் பந்தய மைதானமாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் வகைப் பேச்சு எவ்வளவு சூடானாலும் ஆட்டத்துக்குத் திரும்பி வரும். இரண்டாவது வகைக்கு ஆட்டமே தேவைப்படாது. உங்கள் கடிதத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அந்த மட்டையாளர் ஆட்டமிழந்தார் என்று எழுதுகிறீர்கள், ஆனால் எப்படி ஆட்டமிழந்தார் என்பது நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. கேட்ச் கொடுத்தாரா, போல்டா, அவசரப்பட்டு ஓடி ரன் அவுட்டா? பதினோரு ஆண்டுகளாக ஆட்டம் பார்க்கும் ஒருவர் கடைசி ஓவரில் விழுந்த விக்கெட்டைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடுவது இயல்பில்லை. அந்த அறையில் அந்த நேரத்தில் கிரிக்கெட் நடக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் நண்பரே, அங்கே நடந்ததை அரசியல் சண்டை என்று நீங்கள் எழுதியிருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மட்டையாளர் சொன்ன கருத்தை ஒருவர் மறுக்கலாம், அவருடைய ஆட்டத்தைக் கிழித்துத் தொங்கவிடலாம். இரண்டும் ரசிகரின் உரிமை. "இவன் ஆட்களே இப்படித்தான்" என்பது இரண்டிலும் சேராது. அது ஒரு கட்சிக்கோ கொள்கைக்கோ எதிராகச் சொல்லப்பட்டதன்று. பிறப்பைச் சொல்லி ஒரு கூட்டத்தையே பழித்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் ஒருவர், கையில் பேனாவுடன், நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார். எதிர்த்து எழுந்த நண்பராவது அந்தச் சொல்லைக் கண்டித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரும் கட்சிப் பெயரை இழுத்ததால், பழிக்கப்பட்டவர் பேச்சிலிருந்தே காணாமற்போய், அது இரண்டு கட்சிக்காரர்களின் வழக்கமான மல்லுக்கட்டாக மாறிவிட்டது. நீங்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, இரு தரப்பையும் ஒருசேர அடக்க ஒரு விதி தேடுகிறீர்கள். அந்த விதி, சொன்னவரையும் எதிர்த்தவரையும் சொல்லப்பட்டவரையும் ஒரே தட்டில் வைக்கும். முதல் இருவருக்கு அதனால் ஒரு பொழுதுபோக்குத்தான் போகும். மூன்றாமவருக்கோ, அடுத்த முறை அந்தச் சொல் வந்து விழும்போது, "இங்கே அதைப் பற்றிப் பேசக் கூடாது" என்று அவருடைய வாயைக் கட்டவும் அதே விதி பயன்படும்.

கோழைத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். விதி கோழைத்தனமன்று, சத்தத்தைக் கூட்டினீர்களே, அதில் கொஞ்சம் இருக்கிறது. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், ரிமோட் என் கையில் இருந்திருந்தால் நானும் அந்தப் பொத்தானைத்தான் அழுத்தியிருப்பேன். சண்டையை விலக்க அது உதவாது என்பது உங்களுக்கே பலமுறை தெரிந்ததுதான். ஆனால் நோட்டு எழுதிக்கொண்டிருந்தவர் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று பாருங்கள்: தன்னைப் பற்றி ஒரு சொல் விழுந்தது, வீட்டுக்காரர் அதைக் கேட்டார், கேட்டுவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த நேரத்தில் நீங்கள் பெரிதாக ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தின் பரிசளிப்பு மேடையில், இனப் பாகுபாட்டை எதிர்த்து, அமெரிக்காவின் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்திய படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதில் இரண்டாம் இடத்தில் நிற்கும் வெள்ளைக்காரரைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். அன்று அவர் ஓடிய 20.06 வினாடி 2024 வரை அவருடைய நாட்டின் சாதனையாக நீடித்தது. அவர் கையை உயர்த்தவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவர்கள் இருவரும் அணிந்திருந்த மனித உரிமைக்கான அதே சின்னத்தைத் தன் மார்பிலும் குத்திக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் வைத்தபடி நின்றார். ஒரு பொத்தான் அளவுச் சின்னம். 2006இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். "அந்தப் பேச்சு இங்கே வேண்டாமப்பா" என்று நீங்கள் அன்று சொல்லியிருந்தால் அதுவும் அந்த அளவுதான் இருந்திருக்கும். ஆட்டம்கூட நின்றிருக்காது.

இனிச் செய்ய வேண்டியவை. பேசிக்கொள்ளாமல் இருக்கும் இருவரைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாவது தவறாமல் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு இடம் போகவில்லை என்று பொருள். விறுவிறுப்பான ஆட்டம் ஒன்று வந்தால், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமலே ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உலுக்குவார்கள். ஆட்டம் நடக்கும்போது ஆட்டம், மற்றதெல்லாம் டிவியை அணைத்த பிறகு என்று ஒரு வழக்கத்தை வேண்டுமானால் கொண்டுவாருங்கள். பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பதால் பாதி அரசியல் அங்கேயே அடங்கிவிடும்.

அந்தச் சொல்லைச் சொன்ன நண்பரை மட்டும் அடுத்த ஆட்டத்துக்கு முன்பே தனியாகச் சந்தியுங்கள். அவருடைய கட்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். எடுத்தால் அவருக்குப் பழகிய களத்தில் நீங்களே அவரை இறக்கிவிட்டதாகும். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லி, "என் வீட்டில் இது இனி வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். "நான் நம்ம ஆளைச் சொல்லவில்லையே" என்பார். எல்லோரும் சொல்வது அதுதான். "அப்படியானால் அதை அவரிடமே போய்ச் சொல்" என்று விட்டுவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டு வராமல் நின்றுவிடலாம். அந்த இழப்புக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்; ஒருவர் ஏற்கெனவே வராமல் நின்றுவிட்டார் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே, நோட்டு எழுதும் நண்பரின் வீட்டுக்குப் போங்கள். தொலைபேசி வேண்டாம், வேறொருவரிடம் சொல்லியனுப்பவும் வேண்டாம். "அவன் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை" என்று மற்றவருக்காக வாதாடாதீர்கள். மன்னித்துவிடும்படி அவரைக் கேட்காதீர்கள். "உன் பங்குக்கு நீயும் ஏதாவது சொல்லியிருக்கலாமே" என்ற பேச்சு வாயில் வந்தாலும் விழுங்கிவிடுங்கள். உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்: அது என் காதில் விழுந்தது, நான் சத்தத்தைக் கூட்டினேன், கூட்டியிருக்கக் கூடாது. பிறகு அவர் பேசினால் கேளுங்கள். உங்கள் எட்டுப் பேரைப் பற்றிப் பதினோரு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த வேறு சிலவும் வெளிவரக்கூடும். அடுத்த ஆட்டத்துக்கு வருவாரா என்று அன்றே கேட்டு அவரை நெருக்க வேண்டாம்.

போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நல்லெண்ணத்தில் கொடுத்தாலும், கணக்கை முடித்துக்கொள்ள வந்திருக்கிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அவராகக் கேட்டால் கொடுங்கள். கேட்காதவரை அவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். கடைசிப் பந்தில் என்ன நடந்தது என்று பிறகு எங்காவது பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். அந்தக் கட்டத்தை நீங்களாக நிரப்பிவிடாதீர்கள்.